காதுக்கு ஜன்னல் வைத்த டாக்டர்

கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய் ஞாபகம் வரும். அடுத்து ஞாபகம் வருவது தீப்பெட்டி. கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் என்று கரிசல் பூமி முழுக்க தீக்குச்சிக்குப் பஞ்சமே கிடையாது. அந்தத் தீக்குச்சி அடுப்புப் பற்ற வைக்க மட்டுமா பயன்படுகிறது? பல வீடுகளில் காது குடையவும் அதுதான்! தாத்தாக்களுக்குக் கோழி இறகு, பாட்டிகளுக்குக் கொண்டை ஊசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்துவிட்டால் சிறுவர்கள் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் கிடப்பார்கள். ராத்திரி காது வலி என்று அழுதால், நல்லெண்ணெயைச் சுடவைத்து இரண்டு சொட்டு விடுவது வழக்கம்.

இவ்வளவு வைத்தியம் செய்தும் சில பிள்ளைகளுக்குக் காது சரியாவதே இல்லை. சிலருக்குச் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். இன்னும் சிலருக்குச் சீழும் வராது, வலியும் இருக்காது. ஆனால், காது மந்தமாகிவிடும். வகுப்பில் டீச்சர் கூப்பிடுவது காதில் விழாது. சொல்வதெழுதுதலில் பாதி வார்த்தைகள் தப்பாகிவிடும். கவனம் இல்லாத பிள்ளை, சேட்டைக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அங்கே உட்கார்ந்தால் இன்னும் கேட்காது!

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குச் செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கியிருக்கும். நீண்ட நாள் வற்றாமல் இருந்தால், இன்றைய டாக்டர்கள் செவிப்பறையில் ஒரு சின்னத் துளை போட்டு, அதில் ஒரு குழாயைப் பொருத்துகிறார்கள். எவ்வளவு பெரிய குழாய் தெரியுமா? தீக்குச்சியின் தலை அளவுதான்! அதற்குக் குரோமெட் என்று பெயர்.

ஏதோ நேற்று வந்த புது விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். 1868-ம் ஆண்டிலேயே கடின ரப்பரில் இப்படி ஒரு குழாய் செய்து, நோயாளியின் செவிப்பறையில் பொருத்திப் பார்த்தார் ஒரு டாக்டர். அவர் பெயர் ஆடம் பொலிட்சர். காது மருத்துவத்தின் தந்தை என்று உலகமே கொண்டாடும் மனிதர்களில் ஒருவர்.

ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே பெஸ்ட் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆல்பர்ட்டி என்ற சிற்றூரில், 1835-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் பொலிட்சர். படிப்பில் கெட்டிக்காரர். படம் வரைவதிலும் கெட்டிக்காரர். இந்த இரண்டாவது திறமையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மருத்துவம் படிக்க வியன்னா நகரத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவப் பேராசிரியர்கள் பலர் அங்கேதான் இருந்தார்கள். 1859-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்து என்ன? இருதயம், வயிறு, கண் என்று எதையாவது தேர்ந்தெடுத்திருந்தால் சீக்கிரமே பெயரும் பணமும் கிடைத்திருக்கும். அவருடைய பேராசிரியர் ஓப்போல்சரோ, காதைப் பற்றிப் படிக்கும்படி அவரை ஊக்கப்படுத்தினார்.

காதா? அந்தக் காலத்தில் காது வைத்தியம் என்றால் பல டாக்டர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தில் யூகம்தான் ராஜா! கண்ட எண்ணெயையும் கஷாயத்தையும் ஊற்றுவார்கள். சரியானால் வைத்தியரின் திறமை. சரியாகாவிட்டால் நோயாளியின் தலைவிதி.

ஆனால் காது நோய் அப்படி விளையாட்டான நோய் அல்ல. சீழ், காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குப் பரவும். அங்கிருந்து மூளைக்கும் பரவும். கிருமிகளைக் கொல்லும் மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. காதில் சீழ் என்று ஆரம்பித்து உயிரை விட்ட குழந்தைகள் எத்தனையோ பேர். மகிழ்ச்சி இளவரசன் கதையை எழுதிய ஆஸ்கர் வைல்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் 1900-ம் ஆண்டில் இறந்ததற்குக் காது நோய் மூளை உறைக்குப் பரவியதே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். இதில் சோகம் என்ன தெரியுமா? அவருடைய அப்பா வில்லியம் வைல்ட், அயர்லாந்தின் மிகப் பிரபலமான காது டாக்டர்!

பொலிட்சர் காதையே தேர்ந்தெடுத்தார். வியன்னாவிலேயே உட்கார்ந்திருந்தால் போதாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் டாக்டர் ட்ரோல்ட்ச்சிடம் போனார். கார்ட்டூன் படங்களில் டாக்டர் என்றால் நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருப்பார், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நடுவில் துளை உள்ள அந்தக் குழி ஆடியால் வெளிச்சத்தைத் திருப்பிக் காதுக்குள் பாய்ச்சி, துளை வழியாகச் செவிப்பறையைப் பார்க்கும் முறையை டாக்டர்களிடையே பரப்பியவர் ட்ரோல்ட்ச்தான். ஹைடல்பர்க் நகரில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற மாபெரும் விஞ்ஞானியிடம் ஒலியைப் பற்றிக் கற்றுக்கொண்டார் பொலிட்சர். பாரிஸில் கிளாட் பெர்னார்டிடம் உடலின் இயக்கத்தைக் கற்றுக்கொண்டார். கடைசியாக லண்டன் போனார். அங்கே இருந்தவர் ஜோசப் டாய்ன்பி.

டாய்ன்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. இறந்தவர்களின் காதுகளைச் சுமார் 2,000 வரை அறுத்து ஆராய்ந்தவர் அவர். அதில் ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு இருந்தது என்று பட்டியல் போட்டு வைத்தார். 1853-ல் செவிப்பறை கிழிந்தவர்களுக்கு ஒரு செயற்கைச் செவிப்பறையும் செய்தார். வட்டமாக வெட்டிய ரப்பர் தகடு, அதன் நடுவில் ஒரு வெள்ளிக் கம்பி, அவ்வளவுதான். நோயாளியே கம்பியைப் பிடித்துக் காதுக்குள் வைத்துக்கொள்ளலாம், ராத்திரி எடுத்துவிடலாம். சிலருக்கு இதனால் நன்றாகவே கேட்டது. பழுதான காதுக்குள் மனிதன் செய்த பொருளை வைத்துக் கேட்க வைக்கலாம் என்ற நம்பிக்கையை டாக்டர்களுக்குக் கொடுத்ததில் அந்த ரப்பர் வட்டத்துக்கும் பங்கு உண்டு. காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்ம் ஆவியைத் தன்மீதே சோதித்துப் பார்த்தபோது, 1866-ல் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 50. அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பலருக்கு இந்த விபரீதப் பழக்கம் இருந்தது. தைரியம் என்று பாராட்டுவதா, அவசரம் என்று வருந்துவதா என்றே தெரியவில்லை.

1861-ல் பொலிட்சர் வியன்னாவுக்குத் திரும்பினார். வியன்னா பல்கலைக்கழகத்தில் காது மருத்துவம் கற்பிக்கும் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அதற்கு முன் அங்கே அப்படி ஒரு பதவியே கிடையாது! பாடம் நடத்தலாம், சரி. ஆனால், காது நோயாளிகளைப் படுக்க வைத்துச் சிகிச்சை தரத் தனி வார்டு கிடையாது. அது கிடைக்க இன்னும் 12 ஆண்டுகள் ஆயின.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, முதலில் நாம் காதுக்குள் ஒரு சுற்று போய் வருவோமா?

வெளிக்காதில் நுழைந்தால் ஒரு சந்து. பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சந்தின் முடிவில் கதவு போல ஒரு மெல்லிய சவ்வு. அதுதான் செவிப்பறை. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதைத் தாண்டினால் ஒரு சின்ன அறை. இதுதான் நடுச்செவி. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் கை கோத்து நிற்கின்றன. நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அந்த அங்கவடி. வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையைத் தட்டும். செவிப்பறை சுத்தியை ஆட்டும், சுத்தி பட்டடையை ஆட்டும், பட்டடை அங்கவடியை ஆட்டும். அங்கவடி, நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் உட்செவிக்குச் செய்தியைக் கொடுக்கும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும்.

செவிப்பறை நன்றாக ஆட வேண்டுமானால் அதற்கு இரண்டு பக்கமும் காற்று ஒரே அளவில் அழுத்த வேண்டும். வெளிப்பக்கம் காற்றுக்குக் குறைவில்லை. உள்பக்கம் அறை மூடிக்கிடக்கிறதே, அங்கே காற்று எப்படி வரும்? அதற்கு ஒரு கொல்லைப்புற வழி இருக்கிறது. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்குப் போகும் ஒரு குழல். 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த யூஸ்டாக்கி என்ற டாக்டரின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழல் என்கிறோம். சாதாரணமாக அது மூடியே இருக்கும். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். கொடைக்கானல் பஸ்ஸில் மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்கிறது. எச்சில் விழுங்கினால் டப் என்று திறக்கிறது. அந்தக் குழலின் வேலைதான் அது.

மளிகைக் கடையில் எண்ணெய் டின்னை உடைக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் ஒரு மூலையில் துளை போடுவார். அதோடு விட மாட்டார். எதிர்மூலையில் இன்னொரு துளையும் போடுவார். ஒரே துளை என்றால் எண்ணெய் திக்கித் திக்கி வரும். காற்று உள்ளே போக இன்னொரு வழி இருந்தால்தான் சீராக ஒழுகும். காதும் அப்படித்தான். சளி பிடித்து யூஸ்டேஷியன் குழல் வீங்கி அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்றை உடம்பு மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். புதுக் காற்று வராது. செவிப்பறை உள்பக்கமாகக் குழிந்துபோகும். காற்று இருக்க வேண்டிய அறையில் நீர் ஊறித் தேங்கும். நாளானால் பசை போலக் கெட்டியாகிவிடும். பசைக்குள் மாட்டிக்கொண்ட எலும்புகள் எப்படி ஆடும்? குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், பெரியவர்களைவிட அவர்களுக்கே இந்தத் தொல்லை அதிகம்.

பொலிட்சருக்கு முன்னால் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? மூக்கு வழியாக ஒரு வளைந்த உலோகக் குழாயை உள்ளே விட்டு, யூஸ்டேஷியன் குழலின் வாயைத் தேடிப் பிடித்துக் காற்றை ஊதினார்கள். நினைத்தாலே மூக்கு வலிக்கிறது! பெரியவர்களே அலறுவார்கள். குழந்தைகளைக் கேட்கவே வேண்டாம்.

விழுங்கும்போது குழல் தானாகத் திறக்கிறது. அந்த ஒரு கணத்தில் காற்றைத் தள்ளினால் போதுமே! இதுதான் பொலிட்சருக்குத் தோன்றிய யோசனை. பேரிக்காய் வடிவில் ஒரு ரப்பர் பந்து. அதன் முனையை ஒரு மூக்குத் துவாரத்தில் வைத்து, இன்னொரு துவாரத்தை மூடிக்கொள்ள வேண்டும். நோயாளி ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டு, டாக்டர் சைகை காட்டியதும் விழுங்க வேண்டும். அதே கணத்தில் டாக்டர் ரப்பர் பந்தை அமுக்குவார். காற்று நேராக நடுச்செவிக்குப் போய்விடும். கத்தி இல்லை, குழாய் இல்லை, அழுகை இல்லை. 1863-ல் இதை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 27. மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த சிலருக்கு அந்த இடத்திலேயே கேட்கத் தொடங்கியது. பொலிட்சர் பை என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அந்தப் பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது.

ஆனாலும் எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. சிலருக்குப் பந்தை அமுக்கினால் அன்றைக்குக் கேட்கும், சில நாட்களில் மறுபடி அடைத்துக்கொள்ளும். கொல்லைப்புற வழி அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்றால், முன்பக்கம் ஒரு ஜன்னல் வைத்தால் என்ன? செவிப்பறையிலேயே ஒரு துளை!

இந்த யோசனை புதியது அல்ல. லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை நிபுணர் 1801-லேயே செவிப்பறையில் துளையிட்டு, கேட்க வைத்துக் காட்டியவர். சிக்கல் என்னவென்றால், துளை நிற்காது. நம் உடம்பு புண்ணைக் கண்டால் சும்மா இருக்குமா? சில நாட்களில் மூடிவிடும். உடம்பின் இந்த நல்ல குணம் இங்கே டாக்டருக்கு எதிரியாகிவிட்டது. துளை மூடாமல் இருக்கத் தங்கக் குழாயைக்கூட வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. நிலைக்கவில்லை.

1868-ல் பொலிட்சர் கடின ரப்பரைக் கையில் எடுத்தார். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கும் கலை அப்போதுதான் பரவிவந்தது. இன்றைக்குப் பிளாஸ்டிக் எப்படியோ, அன்றைக்குக் கடின ரப்பர் அப்படி. சீப்பு, பேனா என்று அதில் என்னென்னவோ செய்தார்கள். பொலிட்சர் அதில் ஒரு குட்டி வளையம் செய்தார். லாரித் தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோக்கத் துளைகள் இருக்கும். துளை கிழியாமல் இருக்க ஓர் உலோக வளையம் அடித்திருப்பார்கள். ஷூவில் லேஸ் கோக்கும் துளையிலும் பார்க்கலாம். கிட்டத்தட்ட அதே அமைப்புதான். நூல் சுற்றும் கட்டை போல இரண்டு பக்கமும் விளிம்பு, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, அதன் வழியே ஒரு துளை. செவிப்பறை அந்த இடுப்பில் மாட்டிக்கொள்ளும். வளையம் உள்ளேயும் விழாது, வெளியேயும் விழாது என்பது கணக்கு.

இதை எப்படிப் பொருத்தியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். மின்விளக்கு இல்லை. பெரிதாக்கிக் காட்டும் அறுவை நுண்ணோக்கி இல்லை. கண்ணாடியால் திருப்பிய வெளிச்சத்தில், சுண்டு விரல் நுழையாத சந்துக்குள், அரிசி மணியைவிடச் சின்னப் பொருளை, தாளைப் போல் மெல்லிய சவ்வில் மாட்ட வேண்டும். நோயாளி தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் போச்சு!

மாட்டிவிட்டார். கேட்கவும் செய்தது. ஆனால், வெற்றி நிலைக்கவில்லை. சில குழாய்களைச் சளி அடைத்துக்கொண்டது. சில குழாய்கள் தானாகக் கழன்று விழுந்தன. சில காதுகளில் துளை வழியாகக் கிருமி புகுந்து சீழ் பிடித்தது. கிருமிகளால்தான் புண் சீழ் பிடிக்கிறது, கருவிகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று லிஸ்டர் எழுதத் தொடங்கியதே 1867-ல்தான். எல்லா டாக்டர்களும் அதை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. காது டாக்டர்கள் ஒவ்வொருவராக இந்தக் குழாயைக் கைவிட்டார்கள். 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லோரும் அதை மறந்தேவிட்டார்கள்.

பொலிட்சர் முடங்கிப்போய் உட்காரவில்லை. உட்கார அவருக்கு நேரமும் இல்லை! 1864-ல் ட்ரோல்ட்ச், ஷ்வார்ட்ஸே என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து காது மருத்துவத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியிருந்தார். உலகத்தில் அப்படி வந்த முதல் இதழ் அது. 1873-ல் வியன்னா பொது மருத்துவமனையில் காதுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. அவரும் யோசப் குரூபர் என்ற டாக்டரும் அதன் தலைவர்களானார்கள். 1877-ல் கேட்கும் திறனைச் சோதிக்க ஒரு சின்னக் கருவி செய்தார். அதுவரை டாக்டர்கள் பாக்கெட் கடிகாரத்தைக் காதருகே பிடித்து, டிக் டிக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போடுமே! பொலிட்சரின் கருவி எப்போதும் ஒரே அளவில் டக் என்று தட்டும். எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று அளந்தால் போதும்.

ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஓவியத் திறமை இங்கேதான் வருகிறது. நோயாளியின் செவிப்பறையைப் பார்ப்பார், அப்படியே வண்ணத்தில் வரைந்துவிடுவார். செவிப்பறை குழிந்தால் எப்படி இருக்கும், பின்னால் நீர் தேங்கினால் நிறம் எப்படி மாறும், ஓட்டை விழுந்தால் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் படம். 1865-ல் அதைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார், 1896-ல் இன்னும் பெரிய படத்தொகுப்பு ஒன்றும் வந்தது. தூர தேசத்தில் இருந்த டாக்டர்கள்கூட, நோயாளியின் காதையும் படத்தையும் ஒப்பிட்டு நோயைக் கண்டுபிடித்தார்கள். அவருடைய பாடநூல் 1878-லும் 1882-லுமாக இரண்டு பாகங்களாக வந்தது. 1882 என்றால், நம் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வருடம்!

வியன்னாவுக்கு அவரிடம் படிக்க அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் டாக்டர்கள் கப்பலேறி வந்தார்கள். அவருக்குப் பல மொழிகள் தெரியும். ஜெர்மன் தெரியாதவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே விளக்குவார். அவருடைய பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் பாரனி என்ற இளம் டாக்டர், நாம் விழாமல் நிற்க உட்செவி எப்படி உதவுகிறது என்று ஆராய்ந்து, 1914-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார்.

1893-ல் பொலிட்சர் இன்னொரு புதிரையும் அவிழ்த்தார். சிலருக்குச் செவிப்பறை நன்றாக இருக்கும், நீர் தேங்காது, ஆனாலும் கேட்காது. சளியால் வந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். இறந்தவர்களின் காது எலும்புகளை ஆராய்ந்து, அது எலும்பிலேயே வரும் தனி நோய் என்று காட்டினார். அங்கவடியைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து, அதை அசைய விடாமல் இறுக்கிவிடுகிறது. 1956-ல் ஜான் ஷே என்ற அமெரிக்க டாக்டர், இறுகிய அங்கவடியை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த செயற்கை அங்கவடியைப் பொருத்தினார். எந்த எலும்பில் கோளாறு என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அதை மாற்ற முடிந்தது.

1907-ல் பொலிட்சர் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் எழுதினார். பழங்காலத்திலிருந்து தன் காலம் வரை காது மருத்துவம் வளர்ந்த கதையை 1907-லும் 1913-லும் இரண்டு பெரிய பாகங்களாக எழுதி முடித்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. போர் முடிந்தபோது அவர் வாழ்ந்த பேரரசே உடைந்து துண்டு துண்டாகப் போயிருந்தது. 1920-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ம் தேதி, 84-வது வயதில் வியன்னாவில் காலமானார்.

அவருடைய ரப்பர் வளையம்? அது புத்தகங்களில் தூங்கிக்கொண்டிருந்தது. 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். 1950-களில் காதுக்குள் பெரிதாக்கிப் பார்க்கும் அறுவை நுண்ணோக்கிகள் வந்தன. உடம்புக்கு ஒத்துப்போகும் பிளாஸ்டிக் வகைகளும் வந்தன. 1954-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற டாக்டர், வினைல் பிளாஸ்டிக் குழாயைச் செவிப்பறையில் பொருத்தி, அதைப் பற்றி எழுதினார். இந்தத் தடவை நிலைத்தது. பொலிட்சர் செய்து பார்த்து 86 ஆண்டுகளுக்குப் பிறகு! இன்று உலகத்தில் குழந்தைகளுக்கு அதிகமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காது கேட்காத எல்லோருக்கும் இந்தக் குழாய் கிடையாது. நிறையப் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் நீர் தானாகவே வற்றிவிடும். அதனால்தான் டாக்டர்கள் உடனே குழாய் வைக்காமல் காத்திருந்து பார்க்கிறார்கள். செவிப்பறை ஏற்கெனவே கிழிந்து சீழ் வடிந்தால் வேறு சிகிச்சை. அதற்குக் காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். எலும்புகள் அரித்துப் போயிருந்தால் டைட்டானியம் போன்றவற்றில் செய்த குட்டி எலும்புகளை வைப்பார்கள். எது தேவை என்று சொல்ல, காதுக்குள் பார்க்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். கிழிந்த செவிப்பறைக்குள் எண்ணெய் விட்டால், அது நேராக நடுச்செவிக்குள் போய்ச் சீழை அதிகப்படுத்திவிடும். அதனால் பாட்டியிடம் நல்லெண்ணெயைத் தோசைக்கு மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனை செய்ய மருத்துவக் குழு வருகிறதே, 2013-ல் தொடங்கிய திட்டம், அவர்கள் காதையும் பார்ப்பார்கள். காது மந்தம், சீழ் இருந்தால் மறைக்காமல் அவர்களிடம் சொல்லலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலி பக்கம்தானே.

குழாய் வைக்கும் வேலை இப்போது 15 நிமிடம்போல ஆகும். குழந்தையை மயக்கத்தில் தூங்க வைத்துவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே துளை போட்டு, பசை நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, குரோமெட்டை மாட்டுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். குழாய் இருக்கும்வரை கண்மாயில் முங்கிக் குளிக்கலாமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியே எடுக்கப் பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. செவிப்பறையின் தோல் மெதுவாக ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அது குழாயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் குழாய் கழன்றுவிடும். பின்னாலேயே துளையும் பொதுவாக மூடிக்கொள்ளும். பொலிட்சரின் காலத்தில் பெரிய குறையாக இருந்த விஷயம் இது. இப்போது டாக்டர்கள் இதை எதிர்பார்த்தே குழாயின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குள் பிள்ளையும் வளர்ந்திருக்கும், யூஸ்டேஷியன் குழலும் நீண்டு சாய்வாகி ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். குழாய் எப்போது விழுந்தது என்று பல பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. காலையில் பாயைச் சுருட்டும்போது, தலையணையில் ஒரு கடுகு போலக் கிடக்கும்.